நான்காம் இருக்கையின் தாமதம்

செஃப்ரூ
7 ஜூன் 2009

அன்பு மகள் கிஸ்லானுக்கு,

உன் மாமா மிமூன் எழுதுவது. ஸலாம். உன் அம்மா நலம், உன் அப்பா நலம், நான் அவர்கள் இருவரையும் விட நலம்.

ரபாத் பேருந்தில் வருகிற பொட்டலத்தில் ஒரு பென் டிரைவ், இருபத்துநான்கு பேர் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள்கள், இரண்டு கிலோ செர்ரி. செர்ரி குறைந்திருந்தால் எழுது, ஓட்டுநரிடம் பேசிக்கொள்கிறேன். நெட் சென்டர் வைத்திருப்பவன் மின்னஞ்சல் அனுப்பாமல் கடிதம் எழுதுகிறான் என்று உன் பல்கலைக்கழகத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தாள்கள் எப்படியும் பேருந்தில்தான் வர வேண்டும். தவிர, ஒற்றை விரலால் தட்டினால் என் கையெழுத்தின் அழகு எங்கே தெரியும்? ஐந்தாம் வகுப்பில் அதைப் பார்த்துவிட்டுத்தான், இவனுக்குக் கற்றுக்கொடுக்க இனி ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூடமே என்னை வெளியே அனுப்பியது.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஐம்பது தாண்டியவர்களாகப் பொறுக்கி, ஒவ்வொருவரையும் நான்காம் எண் கணினியில் உட்காரவைத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை வட்டம் வந்தவுடன் நீளப் பொத்தானைத் தட்ட வேண்டும், ஆளுக்கு நாற்பது தடவை. வாசலில் ஒரு பலகையும் மாட்டியிருக்கிறேன்: ‘மனோதத்துவ ஆய்வுக்கூடம், செஃப்ரூ கிளை.’ ஆளுநரின் கார் அந்த வழியாகப் போனபோது பலகையைப் படிக்க வேகம் குறைத்தது. முன்னால் லாரி நின்றதால்தான் குறைத்தது என்கிறார் உன் அப்பா. அவருக்குப் பொறாமை.

அவர்தான் முதல் ஆள். மே முப்பதாம் தேதி, ஃபெஸ் போய்த் திரும்பி அடுத்த சவாரிக்கு ஆள் சேர்வதற்குள் வந்தார்.

“முப்பது வருஷமா பெரிய டாக்ஸி ஓட்டறவன பொத்தான் அமுக்கக் கூப்பிடறியா மச்சான்?”

“சிவப்பு விளக்குக்கு நிக்கிற மாதிரிதான். வட்டம் வந்தா அமுக்கு.”

“செஃப்ரூல எங்கடா சிவப்பு விளக்கு?”

ஆனாலும் உட்கார்ந்தார். நாற்பதையும் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினார். போகும்போது, “பொண்ணுக்கு இது உதவுமா?” என்று மட்டும் கேட்டார். இது இல்லாமல் அவள் டாக்டர் பட்டமே வாங்க முடியாது என்றேன். தப்பில்லையே?

இன்னொரு சாதனையும் சொல்ல வேண்டும். ஜூன் ஒன்றில் கோடைக்காலத்துக்கென்று அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் ஊர் இரண்டாகிவிட்டது. வங்கி புது மணி, சந்தை பழைய மணி. என் கடையில், திரையின் மூலையில் இருக்கும் மணியைப் பார்த்துத் தினமும் சண்டை. யோசித்தேன். இடது வரிசைக் கணினிகள் எல்லாம் பழைய மணி, வலது வரிசை புது மணி. உன் நான்காம் இருக்கை நடுவில். அங்கே உட்காருபவர் எந்த மணி கேட்டாலும் என் மேசையிலிருந்தே ஒரு தட்டு, மாறிவிடும். நாவிதர் ஜிலாலி சோதனையின் நடுவிலேயே, “யாரோட மணிடா இது, மந்திரியோடதா?” என்று கத்தினார். மாற்றினேன், குளிர்ந்துவிட்டார். இப்படி ஓர் ஏற்பாடு பாரிஸில்கூட இருக்காது.

உன் மாமா,
மிமூன்


ரபாத்
15 ஜூன் 2009

அன்புள்ள மாமாவுக்கு,

செர்ரி முழுதாக வந்தது. மற்றது முழுதாக வரவில்லை.

நாவிதர் ஜிலாலி இருபத்துமூன்றாவது வட்டம் தோன்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே பொத்தானைத் தட்டியிருக்கிறார். தையல்கார ஹலீமா அத்தை ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் யோசித்து, பிறகு தட்டியிருக்கிறார். என் பேராசிரியர் இந்தத் தாளை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். செஃப்ரூ செர்ரியில் என்ன போடுகிறார்கள் என்று கேட்கிறார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? வட்டம் வந்தபோது மணி என்ன, பொத்தான் தட்டியபோது மணி என்ன என்று கணினி பார்த்து, இரண்டையும் கழிக்கிறது. நடுவில் நீங்கள் மணியை மாற்றினால் கழித்தல் என்னவாகும்? முழுத் தப்பும் உங்களுடையது இல்லை. நிரலை எழுதிய ஒத்மான், யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய மணியை நம்பியிருக்கக் கூடாது. கணினிக்குள் யாரும் தொட முடியாத, முன்னோக்கி மட்டும் எண்ணிக்கொண்டே போகிற வேறொரு எண்ணி உண்டு. இனி அதைப் பார்க்கும்படி மாற்றிவிட்டான். புது நிரலை அனுப்புகிறேன்.

கெட்டுப்போன தட்டல்களைத் தூக்கிப்போட்டுவிட்டேன், மீதி பிழைத்தது. அப்பாவுடையது ஜூனுக்கு முன்பே எடுத்ததால் சுத்தமாக இருக்கிறது. சராசரி முந்நூற்றுப் பதினொன்று. அதாவது ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக நறுக்கினால் முந்நூற்றுப் பதினொரு துண்டு. ஐம்பத்தெட்டு வயதுக்கு நல்ல எண். அவரிடம் சொல்லுங்கள்.

மாமா, இதைச் சிரித்துக்கொண்டே எழுதவில்லை. ஒரு மணி நேரத் தப்பு கண்ணில் படும். நூறு மில்லி விநாடி தப்பு வந்தால் படாது. அதை ஒரு மனிதரின் மூளை என்று நம்பி எழுதிவிடுவேன். இதே ஆட்களை இதே இருக்கையில் செப்டம்பரில் மறுபடி அளக்க வேண்டும். அதுவரை நான்காம் இருக்கையில் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். இனி ஒன்று மாறினாலும் வேலையை ஃபெஸில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன். பலகையையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கிஸ்லான்


செஃப்ரூ
22 ஜூன் 2009

கிஸ்லானுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பள்ளி ஆசிரியர் என்ற இடத்தில் இரண்டு தடவையும் நிறுத்தினேன்.

நீ நடை பழகியது என் விரலைப் பிடித்து. இப்போது எனக்குத் திருகைத் தொடாதே என்று எழுதுகிறாய். பரவாயில்லை. படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

சத்தியம் செய்கிறேன். நான்காம் இருக்கையில் ஒன்றும் மாறாது. எல்லாக் கணினியிலும் மணியை ஒரு காகிதத் துண்டு ஒட்டி மறைத்துவிட்டேன். இப்போது சண்டையே இல்லை, யாருக்கும் மணி தெரியாது. முந்நூற்றுப் பதினொன்றை உன் அப்பாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் சொன்னபோது அது முந்நூறாக இருந்திருக்கலாம்.

மாமா


செஃப்ரூ
29 செப்டம்பர் 2009

அன்பு மகளே,

பெருநாள் வாழ்த்து. நோன்பு முழுவதும் உன் அம்மா உன் பங்கு சூப்பையும் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, பிறகு என்னைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். நீ வராததால் நான் பெருத்துவிட்டேன்.

மூன்று மாதமாக என்மேல் உனக்கிருந்த கோபம் ஆறியிருக்கும் என்று எண்ணி இரண்டாம் சுற்றைத் தொடங்குகிறேன். இந்த முறையும் உன் அப்பாதான் முதல் ஆள். நேற்று வந்து தட்டினார். மற்றவர்கள் வர மூன்று வாரம் ஆகும், ஆலிவ் பறிப்பு தொடங்கிவிட்டது. நீ ஆசையாகக் காத்திருப்பாய் என்று அவருடையதை மட்டும் முதலில் அனுப்புகிறேன். ஃபெஸ் போகிற வழியில் ரபாத் பேருந்தில் அவரே கொடுப்பார். தன் எண்ணைத் தானே சுமந்து வருகிறார், பார்.

நான்காம் இருக்கையை எவ்வளவு கௌரவமாக வைத்திருக்கிறேன் என்பதை நீ வரும்போது பார்ப்பாய். உன் அப்பா அதில் உட்கார்ந்ததும், “மன்னருக்குக்கூட இப்படி இருக்காதுடா” என்றார்.

உன் மாமா,
செஃப்ரூ கிளைத் தலைவர்


ரபாத்
4 அக்டோபர் 2009

மாமா,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாதீர்கள். தொலைபேசியில் பேச முடியாது. வீட்டில் யார் எடுத்தாலும் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பாவின் சராசரி நானூற்று இரண்டு.

நாலு மாதத்தில் தொண்ணூற்றொரு மில்லி விநாடி கூடியிருக்கிறது. நாற்பது தட்டலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏதோ ஒன்றிரண்டு கெட்டுப்போய்ச் சராசரியை இழுத்திருக்கும் என்று பார்த்தேன். அப்படி இல்லை, எல்லாமே மெதுவாக இருக்கின்றன.

தாத்தா எப்படி ஆரம்பித்தார் என்று உங்களுக்குத் தெரியும். மறதி அப்புறம்தான். முதலில் மெதுவானார். ரொட்டியை எடுக்கக் கை நீட்டினால் ஒரு மூச்சு தாமதமாகப் போகும். நாங்கள் சிரித்தோம். இரண்டு வருடம் கழித்துத் தன் மகனைப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்றார். அப்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். எனக்குப் பதினோரு வயது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான், யாரிடமும் சொன்னதில்லை.

ஃபெஸ் சாலையில் எண்பதில் போகும் வண்டிக்குத் தொண்ணூற்றொரு மில்லி விநாடி என்பது இரண்டு மீட்டர். வண்டிக்குள் ஆறு பேர். சாலையைக் கடக்கிற யாரோ ஒருவர் அந்த இரண்டு மீட்டரில் நிற்கலாம்.

இங்கே நரம்பு மருத்துவரிடம் டிசம்பர் இரண்டாம் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை அப்பா வண்டி ஓட்டக் கூடாது. எப்படியாவது நிறுத்துங்கள். காரணம் எதையாவது சொல்லுங்கள், உங்களுக்கு வரும். இந்த எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். நிச்சயமாகத் தெரியாமல் அந்தப் பயத்தை அவர் தலையில் வைக்க என்னால் முடியாது.

உங்களிடம் உண்மை உண்மை என்று கத்தியவள் இதைக் கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கிஸ்லான்


செஃப்ரூ
11 அக்டோபர் 2009

மகளே,

ஆகிவிட்டது. அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

மூன்று நாள் யோசித்தேன். அரசாங்கச் சட்டம் என்று சொன்னால் ஸ்டாண்டில் விசாரிப்பார். வண்டியில் கோளாறு என்று சொன்னால் அவிழ்த்துப் பார்த்துவிடுவார். கடைசியில் கனவு என்றேன். நீ கண்ட கனவு. மூன்று வெள்ளிக்கிழமை, ஒரே கனவு: மலை இறக்கம், அவருடைய வண்டி, சக்கரம் கழன்று அத்திமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அத்திமரத்தை எதற்குச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்தது.

ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அவளே போன்ல சொல்லலாமே?”

“பயப்படறா. கனவ வாயால சொன்னா பலிச்சிடும்னு.”

“உன்கிட்ட மட்டும் சொன்னாளாக்கும்?”

“நான் மாமன்.”

துணியை உதறி மடித்தார். பிறகு, “சரியா சாப்பிடறாளா அவ?” என்றார். சாப்பிடுகிறாள் என்றேன். சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற வண்டியைக் கைகாட்டி முன்னால் போகச் சொன்னார். அவ்வளவுதான். நான் இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன்.

மகளே, பார்க்கப் பாவமாக இருக்கிறது. தினமும் காலையில் ஸ்டாண்டுக்கு வருகிறார். வண்டியைத் துடைக்கிறார். பாட்டரி செத்துவிடக் கூடாது என்று எஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். பயணிகள் வந்து கண்ணாடியைத் தட்டினால், “அடுத்த வண்டி” என்கிறார். பிறகு என் கடைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். அல்லாஹ்வின் பெயரைத் திக்ராக ஓதுகிறார் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களின் சோதனை நடக்கிறது. வந்தவுடன் அனுப்புகிறேன்.

மாமா


ரபாத்
30 அக்டோபர் 2009

மாமா,

இருபத்துநான்கு பேருடையதும் வந்தது.

ஹலீமா அத்தை தொண்ணூறு கூடியிருக்கிறார். தபால்காரர் எண்பத்தாறு. பள்ளிக்கூடக் காவலாளி தொண்ணூற்றிரண்டு. எண்பத்தைந்துக்குக் கீழே இல்லை, தொண்ணூற்றைந்துக்கு மேலே இல்லை. செஃப்ரூவில் ஐம்பது தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே கோடைக்காலத்தில் ஒரே அளவு மெதுவாகிவிட்டார்கள்.

ரபாத்தில் நான் அளந்தவர்களில் ஒருவர்கூட அப்படி இல்லை.

அப்பாவின் தாளை மறுபடி எடுத்தேன். பயத்தில் முதல் தடவை ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மே மாதத்தில் அவருடைய நாற்பது தட்டலும் எப்படி முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தனவோ, இப்போதும் அதே மாதிரி சிதறியிருக்கின்றன. மொத்தமாக ஓர் அடி தள்ளி நிற்கின்றன, அவ்வளவுதான். நோய் இவ்வளவு ஒழுங்காக வராது மாமா. நோய் வந்தால் சிதறல் கூடும், ஒரு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் விழும். இது மனிதருடையது இல்லை. இயந்திரத்துடையது.

நான்காம் இருக்கையில் என்ன மாறியது?

கிஸ்லான்


செஃப்ரூ
3 நவம்பர் 2009

கிஸ்லானுக்கு,

ஒன்றும் மாறவில்லை. சத்தியம் செய்தவன் நான். அதே நாற்காலி, அதே கீபோர்டு, அதே கணினி. இங்கே இந்த வருடம் கோடை கடுமை, ஆட்கள் வாடிவிட்டார்கள். உன் ஒத்மானின் புது நிரலைச் சந்தேகப்பட்டாயா? படித்த பையன் தப்பு செய்யமாட்டானா? எல்லாவற்றுக்கும் மிமூன்தானா?

மாமா


ரபாத்
6 நவம்பர் 2009

மாமா,

எல்லோரும் மாறினார்கள் என்று எழுதினேன். அவசரத்தில் எழுதியது; ஒருவர் மாறவில்லை. நாவிதர் ஜிலாலி முதல் சுற்றில் இருந்த மாதிரியே இருக்கிறார். நேற்று அவர் சலூனுக்குத் தொலைபேசியில் பேசினேன். “அந்த இருக்கை கண்ணு கூசுதும்மா, நான் ஏழாம் நம்பர்ல உக்காந்தேன்” என்றார்.

நீங்கள் கீபோர்டு சொன்னீர்கள், நாற்காலி சொன்னீர்கள், கணினி சொன்னீர்கள். திரையைச் சொல்லவில்லை.

அப்பா இன்னும் காலையில் எஞ்சினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா?

கிஸ்லான்


செஃப்ரூ
10 நவம்பர் 2009

கிஸ்லான்,

ஆகஸ்ட் மாதம் நாற்பது அங்குலத் தட்டை டிவி ஒன்று வாங்கினேன். கால்பந்து காட்ட வாங்கினேன். பிறகு நான்காம் இருக்கையில் மாட்டினேன். பழைய குண்டு மானிட்டரைப் பின்னறையில் வைத்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

முதல் சுற்றில் வயதானவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சின்ன வட்டத்தைத் தேடியதைப் பார்த்திருந்தேன். உன் அப்பா மூக்கைத் திரையில் ஒட்டினார். பெரிதாகக் காட்டலாம் என்று நினைத்தேன். திரை பெரிதானால் நேரம் மாறும் என்று எனக்குத் தெரியாது. நானூற்று இரண்டு என்று நீ எழுதியபோதும் டிவி ஞாபகம் வரவில்லை. நானும் உன் தாத்தாவைத்தான் நினைத்தேன்.

அக்டோபர் முப்பதில் நீ கேட்டாய். அப்போது ஞாபகம் வந்தது. வந்தும் இல்லை என்று எழுதினேன். பலகையைக் கழற்ற வேண்டிவரும் என்ற பயத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பேருந்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உன் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

இன்று காலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, “மச்சான், கனவு கினவு எதுவும் இல்ல. நான் சொன்னது பொய்” என்றேன்.

“தெரியும்” என்றார்.

“எப்போலேர்ந்து?”

“நீ அத்திமரம்னதுமே. அவ சின்ன வயசுலேர்ந்து கனவே சொன்னதில்ல. கேட்டாக்கூட மறந்துட்டேம்பா.”

“அப்புறம் எதுக்குய்யா வண்டிய நிறுத்தினே?”

“பொண்ணு நிறுத்தச் சொல்றா. அந்தப் பொத்தான் ஆட்டத்துல ஏதோ பாத்திருக்கா. எங்கப்பா மாதிரின்னு நினைச்சிருப்பா. அவளா சொல்லட்டும்னு இருந்தேன்.”

திக்ர் இல்லை அது, மகளே. ஸ்டாண்டில் இருக்கும் ஐம்பத்திரண்டு ஓட்டுநர்களின் பெயரையும் அவர்கள் வண்டி எண்ணையும் தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எதுவும் விட்டுப்போகிறதா என்று. நாலு வாரமாக. நான் பக்கத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிவியைச் சொன்னேன். எல்லோருக்கும் தொண்ணூறு கூடியதைச் சொன்னேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

“இப்ப ஓட்டு மச்சான்” என்றேன்.

“மாட்டேன். அவ வரட்டும். வந்து என் பக்கத்துல உக்காரட்டும். அப்புறம் ஓட்டறேன்.”

இறங்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். “பலகைய எடுத்துடாதடா. எல்லாரும் ஏன்னு கேப்பாங்க” என்றார்.

எடுத்துவிட்டேன். வேலையை அந்த ஆசிரியரிடமே கொடு.

மிமூன்


ரபாத்
15 நவம்பர் 2009

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்படியே மடித்து என் ஆய்வு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதில் ஒரு எண்கூடக் கூடுதலாக இல்லை.

நான் செய்ததையும் எழுத வேண்டும். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு, கருவியைச் சோதிக்காமல், ஒரு மனிதரை நோயாளி ஆக்கினேன். மாணவி ஒருத்தி அப்படிச் செய்தால் நானே அவளைத் திட்டியிருப்பேன். பிறகு அதை அவரிடமிருந்து மறைத்தேன். அவர் தனியாக உட்கார்ந்து பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அது உங்கள் டிவியால் நடந்தது இல்லை.

கூட வரும் பெட்டி ஒத்மான் செய்தது. அதிலிருக்கும் சின்னக் கண்ணை, திரையில் வட்டம் வரும் இடத்தில் ஒட்டுங்கள். வட்டத்தைக் காட்டு என்று கணினி கட்டளை கொடுத்த கணத்துக்கும் வெளிச்சம் நிஜமாக வந்த கணத்துக்கும் உள்ள இடைவெளியை அது எழுதிக்கொள்ளும். டிவியில் இருநூறு தடவை, குண்டு மானிட்டரில் இருநூறு தடவை. இதுவும் நடந்தால்தான் எனக்கு நிச்சயம். இல்லாவிட்டால் இன்னொரு முறை ஊகிக்கிறேன் என்றாகும்.

இந்த டிவிகள் வந்த படத்தை வந்தபடி காட்டுவதில்லையாம். வாங்கி, நிறம் கூட்டி, ஓரம் தீட்டி, அழகுபடுத்திவிட்டுத்தான் வெளியே விடும். அதில்தான் நேரம் போகிறது. ஒத்மான் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரை நினைத்தாய் என்று கேட்டான். குடும்ப விஷயம் என்றேன்.

அளப்பவர் நீங்கள்தான். ஃபெஸில் ஆசிரியர் யாரும் இல்லை, மிரட்டுவதற்காகச் சொன்னது.

உங்கள் கிஸ்லான்


செஃப்ரூ
21 நவம்பர் 2009

கிஸ்லான் மகளே,

அளந்தேன். டிவியில் இருநூறு, சராசரி தொண்ணூற்றைந்து. குண்டு மானிட்டரில் இருநூறு, சராசரி எட்டு. நடுவில் மின்சாரம் போனது. முதலிலிருந்து தொடங்கினேன். கடையைப் பூட்டிவிட்டு அளந்தேன்.

கழித்துப் பார்த்தேன். எண்பத்தேழு வருகிறது. உன் அப்பாவுக்குக் கூடியது தொண்ணூற்றொன்று. மீதி நாலு. இந்த நாலு என்ன என்று கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

மருத்துவர் தேதியை விட்டுவிடாதே என்கிறார். “டிவி சொன்னதையும் கேட்டாச்சு, பெட்டி சொன்னதையும் கேட்டாச்சு. ஒரு மனுஷன் வாயால கேக்கறேன்” என்றார்.

ஹஜ் பெருநாளுக்கு எந்தப் பேருந்து?

மாமா


ரபாத்
3 டிசம்பர் 2009

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம் பார்த்தார். நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். “ஓட்டுநர் பேரெல்லாம் கேக்க மாட்டீங்களா?” என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, அவரே ஐம்பத்திரண்டையும் சொன்னார். வயதுக்கு ஒன்றும் குறையில்லை, ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த நாலு மில்லி விநாடி ஒன்றுமே இல்லை மாமா, காலையில் தேநீர் குடிக்காவிட்டால்கூட அவ்வளவு ஆகும்.

மூன்றாம் சுற்று ஜனவரியில், குண்டு மானிட்டரில், உங்கள் கடையில். உங்கள் பெட்டி தந்த எண்களை என் ஆய்வில் ஒரு தனி அத்தியாயமாகச் சேர்க்கப் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். அளந்தவர் பெயரும் வரும். பலகையை மாட்டுங்கள்.

இனி, பெருநாள் வீட்டில் உங்களிடம் தனியாகச் சொல்ல முடியாமல் போனது. விருந்தாளிகளுக்கு நடுவில் நீங்கள் எங்கள் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நாற்பது கிடா என்றீர்கள், பாலம் என்றீர்கள், வண்டி ஒரு சக்கரத்தில் நின்றது என்றீர்கள். அப்பா ஒன்றையும் திருத்தவில்லை, சந்தோஷமாகத் தலையாட்டினார். நானும் விட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் வண்டியில் இல்லை. நான் இருந்தேன். நடந்ததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலை, செஃப்ரூ ஸ்டாண்டில். பின்னால் நாலு பேர் ஏறினார்கள். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர். அப்பா சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் இருந்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா” என்றார்.

“பயமா இருந்ததுப்பா.”

“எனக்கும்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்தே பயந்திருக்கலாம்.”

பின்னாலிருந்து ஒரு பெண், “பேசறத ஃபெஸ்ல போய்ப் பேசுங்க, அங்க என் பொண்ணு காத்துட்டிருக்கா” என்றாள். அப்பா சாவியைத் திருப்பினார்.

பஹாலில் என்ற ஊரைத் தாண்டி இறக்கம். எங்களுக்கு முன்னால் ஒரு சின்ன லாரி, சந்தையில் வாங்கிய கிடாக்களோடு போனது. நாற்பது இல்லை, ஐந்தோ ஆறோ. நான் லாரியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கியர் மாற்றும்போது நடுங்குகிறதா என்று. அவ்வளவு அளந்த பிறகும் என் கண் அங்கேதான் இருந்தது.

திடீரென்று உடம்பு முன்னால் போனது. டயர் கத்தியது. என் நெஞ்சுக்குக் குறுக்கே ஏதோ இரும்பு மாதிரி வந்து என்னைப் பிடித்து நிறுத்தியது. பின்னால் எல்லோரும் அலறினார்கள், கிழவர் அல்லாஹ்வை அழைத்தார். வண்டி நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். என்னைப் பிடித்திருந்தது அப்பாவின் வலது கை. பிரேக்கில் கால் வைத்த அதே கணத்தில் அது ஸ்டியரிங்கை விட்டு என்னிடம் வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, லாரியிலிருந்து விழுந்து, வண்டிக்கு முன்னால் சாலையில் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிடாவைப் பார்த்தேன்.

உங்கள்
கிஸ்லான்